மா கரைக்காமல் குழம்பு கெட்டியாகுமா?

நம் லயத்து வீடுகளில் ரொட்டி சுடாத நாள் குறைவு. ஆனால் சிலருக்குக் கோதுமை மா வயிற்றுக்கு ஆகாது. அப்படிச் சந்தேகம் வந்தால், சில வாரங்களுக்குக் கோதுமையை, சில வேளை எல்லாத் தானியங்களையும் நிறுத்தும்படி டொக்டர் சொல்வார். உடம்பு தேறுகிறதா என்று பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார். இது ஒரு விலக்குப் பத்தியம்.

ரொட்டியை எல்லோரும் கவனமாக நிறுத்துகிறோம். தவறு நடப்பது குழம்புச் சட்டியில்தான். சாறு தண்ணியாகப் போனால் ஒரு கரண்டி மாவைக் கரைத்து ஊற்றுவது சில வீடுகளில் வழக்கம். "ஒரு கரண்டிதானே, என்னா ஆகப்போவுது?" என்பார்கள். அந்தக் கரண்டி மாவால் பத்தியம் இருந்த நாளெல்லாம் வீணாகும். பிள்ளைக்கு வயிற்றோட்டம் நிற்காது. கோதுமை காரணமில்லை என்ற தவறான முடிவுக்கும் வந்துவிடுவோம்.

நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்கவில்லை. சீலியாக் என்னும் குடல் நோயுள்ள பிள்ளைகள் அப்போது தேறினார்கள். பாண் திரும்ப வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். கோதுமையே காரணம் என முன்பே சந்தேகித்த டொக்டர் டிக்கே, 1950இல் தமது ஆய்வில் அதை எடுத்துக்காட்டினார்.

சரி, மா இல்லாமல் எப்படிக் கெட்டியாக்குவது?

1. உருளைக்கிழங்கு: ஒன்றை அவித்து, கரண்டியின் பின்புறத்தால் மசித்துக் குழம்பில் கலக்குங்கள்.

2. மைசூர்ப் பருப்பு: ஒரு பிடியைக் குழைய வேகவைத்துச் சேருங்கள். சத்தும் கூடும்.

3. தேங்காய்: விழுதாக அரைத்துப் போடலாம். முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, பலமாகக் கொதிக்கவிடாமல் இறக்குங்கள், கொதித்தால் திரிந்துவிடும்.

4. மரவள்ளிக்கிழங்கு: தோலுரித்து, மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மசியுங்கள்.

5. கூவைக்கிழங்கு மா, கித்துள் மா: இவை தானிய மா அல்ல. ஒரு கோப்பை சாறுக்கு ஒரு தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்ற வேண்டும். சூட்டில் நேரே போட்டால் மேல்மா வெந்து, உள்மா காய்ந்து கட்டி கட்டும். கூவை மா கெட்டியானதும் இறக்குங்கள். கூடக் கொதித்தால் திரும்ப இளகும்.

யாழ்ப்பாணத்து ஒடியற் கூழைக் கெட்டியாக்குவதும் பனங்கிழங்கு மாதான். அதில் அரிசி போடுவோரும் உண்டு, கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

ஒளிந்திருக்கும் மாவையும் கவனியுங்கள். கூட்டுப் பெருங்காயத் தூள், சோயா சோஸ், சில சூப் பக்கற்றுகள், சில சோயாமீற் வகைகள் ஆகியவற்றில் கோதுமை இருக்கலாம். உறையில் உள்ளதை வாசியுங்கள். மா பட்ட கரண்டியைப் பத்தியக்காரரின் சட்டியில் விடாதீர்கள்.

முக்கியமாக ஒன்று: டொக்டரைக் கேட்காமல் நாமாகக் கோதுமையை நிறுத்தக் கூடாது. சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்யப்பட வேண்டியது. முன்னதாக நிறுத்தினால் நோய் தெரியாமலே போகலாம். எனவே முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

பத்தியக்காரருக்கென்று தனிச் சட்டி வைக்க வசதியில்லையா? வீடு முழுவதுக்கும் இந்தக் குழம்பையே வையுங்கள். ருசி குறையாது, பிள்ளையும் எல்லோரோடும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடும்.