80,000 கிலோமீற்றர் ஓடின மோட்டார் சைக்கிள்: ஒஸ்லோவில எதை முதல் பார்க்க வேணும்?

60,000, 80,000 கிலோமீற்றர் தாண்டின மோட்டார் சைக்கிளை எப்பிடிப் பராமரிக்கிறது எண்டு இண்டைக்குப் பார்ப்பம். எனக்குப் பக்கத்தில நிக்கிறது ஹொண்டா சிபி 500. 1993 தொடக்கம் 2003 வரைக்கும் செய்த இரட்டைச் சிலிண்டர் பைக். ஐரோப்பிய நகரங்களில பொதி கொண்டு ஓடின கூரியர் பெடியள் இந்த எஞ்சினை ஒரு லட்சம் கிலோமீற்றர் தாண்டியும் ஓட்டியிருக்கினம். அதால 80,000 எண்ட இலக்கத்தைக் கண்டு பயப்பிட வேண்டாம்.

ஃபின் விளம்பரத் தளத்தில பழைய பைக் தேடுற ஆக்கள் முதல் கேக்கிறது எத்தினை கிலோமீற்றர் எண்டுதான். நான் முதல் கேக்கிறது, எத்தினை பனிக்காலம் சும்மா நிண்டது எண்டு. ஒஸ்லோவில ஏப்ரலில பைக்கை வெளியில எடுத்தா, ஒக்டோபரில திரும்ப உள்ள விடுறம். 25 வருசப் பைக் எண்டா, அதில பாதிக் காலம் அசையாமல் நிண்டிருக்கு. ஓடினா எஞ்சின் தேயும், உண்மைதான். ஆனா றப்பர், பிரேக் ஒயில், பெற்றோல், பெயரிங்குக்குள்ள இருக்கிற கிறீஸ், இதெல்லாம் ஓடாமல் நிண்டே பழுதாப் போகும். சேர்விஸ் புத்தகத்தில முத்திரை குத்தியிருக்கிறதால மட்டும் இதுகள் நல்லா இருக்கெண்டு அர்த்தமில்லை.

காருக்கு இங்க ஈயூ-கொன்ட்ரோல் இருக்கு. மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் காலமுறைச் சோதனை இல்லை. வேக்வேசன் எண்ட வீதித் திணைக்கள ஆக்கள் வீதியில மறிச்சுப் பார்த்தாத்தான் உண்டு. அதால உங்கட பைக்கைச் சோதிக்கிற ஆள் நீங்கள்தான். நான் எஞ்சினில தொடங்கிறதில்லை. எஞ்சின் நிண்டா வீதியோரம் ஒதுங்கலாம். பிரேக் நிண்டா என்ன செய்யிறது?

பிரேக் ஒயிலுக்கு ஒரு குணம் இருக்கு. அது காத்தில இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புது டொட் 4 ஒயில் குறைஞ்சது 230 பாகை வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினதுக்கோ அந்த எல்லை 155 பாகைதான். ட்ரோல்ஸ்டீகனுக்குப் போறனீங்கள் எண்டா இதை யோசிச்சுப் பாருங்கோ. 1936இல திறந்த வீதி, 11 கொண்டையூசி வளைவு. பின்னால ஆளும் பொதியும், இறக்கம் முழுக்க பிரேக். பழைய ஒயில் அந்தச் சூட்டில கொதிச்சு ஆவியாகும். ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. அப்ப லீவர் கைப்பிடி வரைக்கும் வரும், பைக் நிக்காது. 2 வருசத்துக்கு ஒருக்கா ஒயிலை மாத்துங்கோ, ஓடினாலும் ஓடாட்டியும். டப்பாக் கண்ணாடிக்குள்ளால பார்க்கப் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில இருந்தா, நாள் எண்ணத் தேவையில்லை, உடன மாத்துங்கோ.

கலிப்பரையும் கழட்டிப் பாருங்கோ. வசந்தத்தில எங்கட வீதியில பனிக்காலத்து உப்பு கிடக்கும். ஆணி டயர் அரைச்ச தூசியை அடக்கிறதுக்கு மக்னீசியம் குளோரைட் கரைசலும் தெளிக்கினம். இது ரெண்டும் கலிப்பர் ஊசியிலயும் பிஸ்டன் விளிம்பிலயும் போய் இருந்து இறுக்கும். கொஞ்சத்தூரம் ஓடிட்டு வந்து சில்லைத் தூக்கிக் கையால சுத்திப் பாருங்கோ. பாரமாச் சுத்தினா பிரேக் விடுபடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்குது. றப்பர் பிரேக் குழாயை 4 வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லி யமஹா தன்ர கையேட்டில போடுது. 25 வருசப் பைக்கில அதே பழைய குழாய் இருக்கிறதைத்தான் அநேகமாக் காணலாம்.

அடுத்தது டயர். பக்கச் சுவரில டொட் எண்ட எழுத்துகளுக்குப் பின்னால நாலு இலக்கம் இருக்கும். 2316 எண்டா 2016ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. தடம் ஆழமா இருக்கு எண்டு விக்கிறவர் சொல்லுவார். அது உண்மையாவும் இருக்கலாம், ஆனா றப்பர் இறுகிப் போயிருக்கும். மழை நாளில ட்ராம் தண்டவாளத்தைக் கடக்கேக்க அது தெரியவரும். 6, 7 வருசம் தாண்டின டயரில நான் ஓட மாட்டன்.

இப்ப செயின். 500 தொடக்கம் 1000 கிலோமீற்றருக்கு ஒருக்காவும், மழையில நனைஞ்ச பிறகும் எண்ணெய் அடிக்க வேணும். அதுக்கு முதல் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுங்கோ; இங்க பரஃபின் எண்டு விக்கிறாங்கள். பெற்றோலால கழுவ வேண்டாம், செயின் மூட்டுகளுக்குள்ள கிறீஸைப் பிடிச்சு வைக்கிற றப்பர் வளையங்களை அது கெடுத்துப்போடும்.

மண்ணெண்ணெய் எண்டதும் ஒண்டு சொல்ல வேணும். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த காலம், யாழ்ப்பாணத்தில மோட்டார் சைக்கிள் ஓடினதே மண்ணெண்ணெயிலதான். காபரேட்டருக்குள்ள கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, சூடானதும் மண்ணெண்ணெயில ஓட்டுவினம். பிளக் கரி பிடிக்கும், கழட்டித் துடைச்சுத் திரும்பப் பூட்டுவினம். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில, கழட்டி, கழுவி, சரிபார்த்தே அந்த மெக்கானிக்மார் ஒரு ஊரையே ஓட வைச்சவை. கடைக்குப் போனா எல்லாம் கிடைக்கிற இந்த நாட்டில நாங்கள் அவையிட்டப் படிக்க வேண்டியது நிறைய இருக்கு.

செயின் தளர்வை ஒரு இடத்தில மட்டும் அளந்துபோட்டு விடாதேங்கோ. பழைய செயின் ஒரே மாதிரித் தேயாது. சில்லைச் சுத்திச் சுத்தி, எங்க கூட இறுக்கமா இருக்கோ அங்க அளந்து கையேட்டின்ர படி வையுங்கோ. பின்பல்லுச் சில்லின்ர கடைசி ஓரத்தில செயினைப் பின்பக்கமா இழுங்கோ. அரைவாசிப் பல்லு வெளியில தெரிஞ்சா, அந்தச் செயின் முடிஞ்சுது. மாத்தேக்க முன், பின் பல்லுச் சில்லு ரெண்டையும் சேர்த்து மாத்த வேணும். தேய்ஞ்ச பல்லு புதுச் செயினைக் கெதியில தின்னும்.

எஞ்சினுக்கு வருவம். ஒயிலை வருசத்துக்கு ஒருக்கா, பைக்கை உள்ள விடுறதுக்கு முதல் மாத்துங்கோ. எரிஞ்ச பெற்றோலின்ர அமிலமும் ஈரமும் பழைய ஒயிலில இருக்கும். அதோட அரை வருசம் பெயரிங் நிக்கக் கூடாது. டப்பாவில ஜாசோ எம்ஏ எண்டு இருக்க வேணும். இந்தப் பைக்குகளில கிளச்சும் அதே ஒயிலுக்குள்ளதான் ஓடுது, வழுக்கலைக் கூட்டுற கார் ஒயிலை விட்டா கிளச் பிடிக்காது. கழிவு ஒயிலை ஹரால்ட்ரூட் மீள்சுழற்சி நிலையத்தில குடுங்கோ. இடையில ஒயில் மட்டத்தையும் அடிக்கடி பாருங்கோ. கூட ஓடின எஞ்சின் ஒயில் குடிக்கும். குறைஞ்சதைக் கவனியாமல் விட்டுத்தான் நல்ல எஞ்சின்கள் அழியுது.

வால்வு இடைவெளியைக் கனபேர் தட்டிக் கழிக்கிறதுக்குக் காரணம், எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுது எண்டதுதான். டப்பெட் சத்தம் வந்தா இடைவெளி கூடியிருக்கு, அது பெரிய ஆபத்தில்லை. சத்தமே இல்லாததுதான் கவலை. ஓட ஓட வால்வு தன்ர இருக்கைக்குள்ள தேய்ஞ்சு மேல ஏறும், இடைவெளி குறையும், ஒரு கட்டத்தில வால்வு முழுசா மூடாது. புகை போற வால்வு மூடி இருக்கேக்கதான் இருக்கையோட முட்டித் தன்ர சூட்டை இறக்கும். மூடாட்டி எரியும். பிறகு அமுக்கம் குறையும், ஸ்டார்ட் பண்ணக் கஸ்டப்படும், கடைசியில சிலிண்டர் தலையைக் கழட்ட வேண்டி வரும். கன யப்பான் பைக்குகளுக்கு 24,000 கிலோமீற்றருக்குக் கிட்ட ஒருக்காப் பார்க்கச் சொல்லியிருக்கு. எஞ்சின் நல்லா ஆறின பிறகு ஃபீலர் கேஜால அளக்க வேணும். அனுபவமில்லாட்டி இந்த வேலைக்கு கராஜுக்குக் காசு குடுங்கோ, அது வீண் செலவில்லை.

மற்றதுகள் சின்ன வேலைகள். முன்சில்லைத் தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்புங்கோ. நடுவில தடக்கினா கழுத்துப் பெயரிங் முடிஞ்சுது. ஆறுதலா நிண்ட பற்றறி 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, எஞ்சினை முறுக்கினா 14க்குக் கிட்ட ஏற வேணும். பனிக்காலத்தில தாங்கியை நிரப்பி, காபரேட்டர் கிண்ணத்தில இருக்கிற பெற்றோலை வடிச்சு, பற்றறியை சார்ஜரில விடுங்கோ. யப்பான் பைக்கின்ர திருகாணிக்கு ஜேஐஎஸ் திருகி வாங்குங்கோ, சாதாரண பிலிப்ஸ் அதின்ர தலையை உரிச்சுப்போடும்.

பழைய பைக் ஒண்டு வாங்கினா முதல் காசை சைலன்சருக்கும் பொதிப் பெட்டிக்கும் செலவழிக்காதேங்கோ. பிரேக் ஒயில், டயர், செயின், எஞ்சின் ஒயில், இந்த நாலும் முதல். இப்ப ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழ கராஜுக்குப் போய், டயரில இருக்கிற அந்த நாலு இலக்கத்தை வாசியுங்கோ. 6, 7 வருசம் தாண்டின டயர் எண்டா, அடுத்த ஓட்டத்துக்கு முதல் மாத்துங்கோ.