இணைவின் வழியில் – 7: பார் பார்த்துப் பணம் இறக்குதல்

டியூட்டீரியமும் டிரிட்டியமும் 15 கோடி டிகிரி வெப்பத்தில் இணைந்து ஹீலியமாவதையும், அந்த ஹீலியம் தரும் சூடே பிளாஸ்மாவைப் பெரும்பாலும் காத்துநிற்கும் நிலைக்கு 'எரியும் பிளாஸ்மா' என்று பெயர் வழங்குவதையும் சென்ற இதழில் கண்டோம். அந்நிலையை எட்டும் பிரயத்தனத்திற்கு ஒரு தேசம் தன் கஜானாவை எவ்விதம் திறந்துவிட வேண்டும் என்பதே இவ்வார விசாரம். அதற்குத் தூத்துக்குடியின் சரித்திரம் நல்லதொரு போதனை தருகிறது.

டியூட்டீரியம் செறிந்த கனநீரைத் தர 1978-இல் இங்கே இயங்கத் தொடங்கிய ஆலை, அண்டையிலிருந்த ஸ்பிக் உரத் தொழிற்சாலையின் வாயுவைக் கொண்டே நடந்தது. அம்மோனியா செய்வதற்கென இருந்த ஹைட்ரஜன், நைட்ரஜன் கலவையை மிகுந்த அழுத்தத்தில், பொட்டாசியம் அமைடு கரைந்த திரவ அம்மோனியாவோடு கலந்துறவாட விடுவார்கள்; வாயுவிலிருந்த சொற்ப டியூட்டீரியம் அம்மோனியாவுக்குள் குடிபெயர, எஞ்சிய வாயு உரமாவதற்காக வந்த இடத்துக்கே திரும்பிவிடும். கல்பாக்கம் முதலிய அணுவுலைகளுக்காக எழுந்த ஏற்பாடு அது. ஆயினும் அவ்வுலைகளின் கனநீரில் டிரிட்டியமும் பிறக்கிறதாகையால், இணைவுக்கு வேண்டிய இரு எரிபொருள்களும் நமக்கு அந்நியமானவை அல்ல.

எரிபொருளைப் பற்றிக் கவலை குறைவு. காலத்தைப் பற்றியே கவலை. 1955-இல் ஜெனீவாவில் கூடிய அணுசக்தி மகாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இணைவுச் சக்தியைக் கட்டுப்படுத்தும் வழி புலப்படும் என்று கூறினார். எழுபது ஆண்டுகள் கடந்தும் அவ்வாக்கு பலிக்கவில்லை. பிரான்ஸின் தென்பகுதியில் ஏழு தரப்பினர் கூடி எழுப்பும் ஈட்டர் உலை, 50 மெகாவாட் சூடேற்றி 500 மெகாவாட் இணைவுச் சக்தி பெற வேண்டுமென்பது நோக்கம்; 2024-இல் வெளியான அட்டவணைப்படி, முழு எரிபொருளோடு அது இயங்குவது 2039-இல்தான்.

இத்தகைய நெடுங்காத்திருப்பு இக்கடற்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் சிப்பி ஒரு காலம் செழிக்கும். பிறகு ஆண்டுக்கணக்கில் மறைந்துவிடும். ஆகவே சர்க்கார் முதலில் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, அறிவித்தது. எதிர்க்கரையில் நடந்ததோ வேறு: 1906-இல் இலங்கைப் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்த தனியார் கம்பெனி, சிப்பி வற்றிய ஆண்டுகளைத் தாங்கமாட்டாமல், 1912-இல் கலைந்தே போயிற்று. வறண்ட ஆண்டுகளைப் பொறுப்பதற்கு அரசின் மடிதான் வேண்டும். ஆனால் மாதிரியைச் சோதிக்காமல் அந்த மடியை அவிழ்க்கவும் கூடாது.

இந்தியாவின் ஏற்பாட்டை இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். 2005-இல் ஈட்டரில் சேர்ந்த நாம், நிர்மாணச் செலவில் பதினொன்றில் ஒரு பங்கை, பெரும்பாலும் பொருளாகவே அளிக்கிறோம். விளையும் ஞானத்திலோ முழுப் பாத்தியதை உண்டு. உலையைச் சூழ்ந்து நிற்கும் சுமார் 3,850 டன் எடையுள்ள எஃகுக் கலம் ஹசீராவில் எல் அண்ட் டி நிறுவனத்தாரால் பகுதி பகுதியாகச் செய்யப்பட்டுக் கப்பலேறியது. கெட்டிக்கார பேரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989-இல் பிறந்த ஆதித்யாவும், 2013-இல் முதற்பிளாஸ்மா கண்ட எஸ்.எஸ்.டி.-1-உம் ஆகிய இணைவுச் சோதனைக் கருவிகள் எரியும் பிளாஸ்மாவுக்கென அமைந்தவை அல்ல. பிறர் உலையில் கற்ற வித்தையைச் சொந்த உலையில் பயின்று பாராவிட்டால், பத்திரத்தில் உள்ள முழுப் பாத்தியதையும் ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும்.

ஆதலின், என் அபிப்பிராயத்தில், ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தின் தயவை எதிர்பாராத நீண்டகால நிதியொன்றைப் பாராளுமன்றம் ஒதுக்கித் தர வேண்டும்; அந்நிதியின் ஒவ்வொரு தவணையும் இன்ன ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக அன்றி, பிளாஸ்மாவை அடக்கும் காந்தச் சுருள் தாங்கிற்றா, பிளாஸ்மா நிலைத்ததா என்ற சோதனை தேறிய பிறகே விடுவிக்கப்பட வேண்டும். நாட்காட்டியை நம்பிய வாக்குறுதி பாபா போன்ற மேதைக்கே பலிக்கவில்லை என்றால், நிதியமைச்சகத்துக்கு மட்டும் பலித்துவிடுமா?

உலைக்குள்ளேயே டிரிட்டியத்தை விளைவிக்கும் லித்தியப் போர்வையைப் பற்றி அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)