ஒரு டோப், பல தோப்பு

விஜயதசமியன்று மைசூரு அரண்மனை முன்னால், தங்க அம்பாரியில் எழுந்தருளும் சாமுண்டேஸ்வரிக்கு முதலமைச்சர் மலர் தூவியதும் 21 முறை பீரங்கி முழங்கும். உள்ளூர்க்காரர்கள் அதைக் 'குஷால தோப்பு' என்பார்கள். அந்தச் சத்தத்துக்கு யானைகள் மிரளக் கூடாது என்று முன்கூட்டியே வெடி ஒத்திகையும் நடக்கும்.

இந்தத் தோப்பு துருக்கியச் சொல். பாரசீகம் வழியாக இங்கே வந்தது. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனைப் பெயரிலும் இருப்பது இதே பீரங்கிதான். நம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வேறு குடும்பம். ஆனால் கன்னடத்தில் அவையும் தோப்புதான். ஊர்ப் பொதுத் தோப்பைக் கர்நாடகக் கிராமங்களில் 'குண்டுதோப்பு' என்கிறார்கள். நமக்கோ போர்க்களம் நினைவுக்கு வரும்!

ஆங்கிலேயர் இரண்டையும் 'டோப்' என்றே எழுதினார்கள். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் ஹென்றி யூலும் தொகுத்து, 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதற்கு மூன்று பொருள் தருகிறது: பீரங்கி, தோப்பு, பௌத்த ஸ்தூபி. சாஞ்சிப் பக்கத்து ஸ்தூபிகளைப் பற்றி 1854இல் கன்னிங்காம் எழுதிய நூலின் பெயரே 'பில்சா டோப்ஸ்'. இவை போதாதென்று, மூக்குமுட்டக் குடிப்பதும் ஆங்கிலத்தில் டோப். ஒரு வகைச் சுறாவும் டோப்.

எனக்குப் பிடித்தது இன்னொரு தகவல். வட இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் மாந்தோப்பை 'டோப்' என்றார்களாம். அங்குள்ள மக்களுக்கோ அந்தச் சொல்லே தெரியாதாம். தமிழிலும் தெலுங்கிலும் கற்றதை அங்கே கொண்டுபோனவர்கள் அவர்களேதான். தமிழ்ச் சொல்லை வடக்கே பரப்பிய பெருமை கும்பெனிக்காரர்களுக்கும் உண்டு!

அவர்களின் போர்க் குறிப்புகளில் மிகவும் அடிபட்ட தோப்பு மைசூருவை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது. சுல்தான்பேட்டைத் தோப்பு. வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிய அந்த இடத்தில் திப்புவின் படை பதுங்கியிருந்தது. 1799 ஏப்ரல் 5 இரவில் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி உள்ளே புகுந்தார். கும்மிருட்டு, எதிரே துப்பாக்கியும் ராக்கெட்டும். படை சிதறியது, 12 பேர் பிடிபட்டனர், அவருக்கு முழங்காலில் அடி. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே தோப்பை எளிதாகப் பிடித்தார்கள். பகலில் வேவு பார்க்காத, எதிரி ஆயத்தமாக நிற்கும் இடத்தை இனி இரவில் தாக்குவதில்லை என்று கவர்னர் ஜெனரலான தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார் வெல்லெஸ்லி. 16 ஆண்டுகள் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவர்தான்.