தீர்தலும் அடங்குதலும்: நாட்பட்ட தொற்றுகளும் நம் சொற்களும்

எச்.ஐ.வி. தொற்றும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி தொற்றுகளும் ஒருமுறை மருந்துண்டு மறந்துவிடத்தக்கவை அல்ல. இவை நீண்ட கவனிப்பை வேண்டுவன. பலருக்கு அது வாழ்நாள் முழுவதும் தொடரும். மருத்துவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ கூறுவதை வீட்டுப் பெரியவருக்குத் தமிழில் எடுத்துரைப்பவர், நம் குடும்பங்கள் பலவற்றில், பள்ளியிலோ கல்லூரியிலோ பயிலும் பிள்ளையே. அப்பிள்ளை தெரிந்தெடுக்கும் சொல்லைப் பொறுத்துப் பெரியவர் மருந்தைத் தொடரவும் கூடும், நிறுத்தவும் கூடும். ஆதலின் மொழியைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இதில் பங்குண்டு. நான்கு சொற்களைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

1. ஆட்கொல்லி

எயிட்ஸ் நோய் 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அக்காலத்திலேயே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொற்று பதிவாயிற்று. தக்க மருந்து இல்லாத அந்நாளில் தமிழில் இதற்கு 'ஆட்கொல்லி நோய்', 'உயிர்க்கொல்லி நோய்' என்னும் பெயர்கள் பரவின. அன்றைய நிலைக்கு அவை பொருந்தின.

1996ஆம் ஆண்டையொட்டிக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் நிலைமை மாறியது. இன்று உரிய காலத்தில் மருந்தைத் தொடங்கி நாள்தோறும் தவறாது உண்பவர் ஏறத்தாழ மற்றவரைப் போன்றே நெடுநாள் வாழலாம். அவர் குருதியில் கிருமியின் அளவு சோதனையில் தென்படாத நிலைக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடிக்குமாயின், பாலுறவின் வழியாக அது பிறருக்குத் தொற்றுவதில்லை என்பதும் ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. ஆயினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. 'ஆட்கொல்லி' என்று கேட்டவர் மருந்தால் என்ன பயன் என்று தளர்வார். அல்லது பிறர் அறியாதிருக்க மாத்திரையை ஒளித்து வைப்பார். ஒளித்து உண்ணும் மருந்து அடிக்கடி தவறும். தவறத் தவறக் கிருமி அம்மருந்துக்கு அடங்காத வடிவத்தைப் பெறும்.

'எயிட்ஸ் நோயாளி' என்னும் வழக்கும் ஆராயத்தக்கது. எச்.ஐ.வி. என்பது கிருமி, எயிட்ஸ் என்பது அத்தொற்று முற்றிய நிலை. மருந்துண்டு நலமாக இருப்பவர் எயிட்ஸ் நிலையில் இல்லை. மேலும், 'தொழிலாளி', 'முதலாளி' என்பனவற்றைப் போல 'ஆளி' என்னும் ஈறு ஒருவரை ஒன்றோடு பிணைத்து அதையே அவருக்கு அடையாளமாக்குகிறது. 'எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்' என்னும் தொடர் நீளமானதுதான். ஆனால் அதில் 'வாழ்பவர்' என்பது எழுவாயாக நிற்கிறது.

2. காமாலை

காமாலை நோயன்று, கண்ணும் தோலும் மஞ்சளாகும் அறிகுறி. ஹெப்படைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால், 'எனக்குக் காமாலை வந்ததே இல்லை, எனக்கு எப்படி ஹெப்படைட்டிஸ் இருக்கும்?' என்னும் ஐயம் எழுகிறது. ஹெப்படைட்டிஸ் பி பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பதில் நாட்பட்டதாக நிலைக்கும். வளர்ந்தவர்க்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரிடமே அவ்வாறு நிலைக்கும். நிலைத்த தொற்று பல்லாண்டுகள் அறிகுறியின்றி இருந்து, கல்லீரலைச் சுருங்கச் செய்யவும் புற்றுநோயை உண்டாக்கவும் வல்லது.

மறுபுறம், வளர்ந்தவர்க்கு இத்தொற்றால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிவது. தணிந்தபின் பெருமை கீழாநெல்லிக்குச் சென்று சேர்கிறது. அந்நம்பிக்கை ஆய்வுக்கு உட்படாமல் இல்லை. கிருமியைக் கண்டறிந்த நோபல் அறிஞர் பரூக் புளூம்பெர்க், சென்னை ஆய்வாளர் தியாகராஜன் முதலானோருடன் சேர்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் ஊக்கமளிக்கும் முடிவை வெளியிட்டார். பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. ஆகவே நாட்பட்ட தொற்று உடையவர் மூலிகையை நம்பி மருந்தை நிறுத்துதல் தகாது.

சிங்கப்பூரில் 1987 முதலும் மலேசியாவில் 1989 முதலும் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி வழங்கப்பட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்தோர் ஒருமுறையேனும் குருதிச் சோதனை செய்துகொள்வது நன்று.

3. தீர்தலும் அடங்குதலும்

'குணமாகிவிட்டது' என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் கூறுவது நம் வழக்கு. தமிழிலோ 'தீர்தல்' வேறு, 'அடங்குதல்' வேறு. நோய் தீர்ந்தால் மருந்து முடிந்தது. அடங்கியிருந்தால் மருந்து தொடர வேண்டும்.

ஹெப்படைட்டிஸ் சி இன்று தீர்வது. எட்டு அல்லது பன்னிரண்டு வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் கிருமியினின்று விடுபடுகின்றனர். எனினும் அதற்குத் தடுப்பூசி இல்லை, மீண்டும் தொற்றலாம். கல்லீரல் முன்பே சுருங்கியிருந்தால், கிருமி நீங்கியபின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் புற்றுநோய் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

எச்.ஐ.வி. அடங்குவது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகும். நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் பெரும்பாலும் அத்தகையதே. டெனோபோவிர் என்னும் மருந்து இவ்விரண்டையும் அடக்கும். இரண்டும் உடையவர் எச்.ஐ.வி. மருந்தைத் தாமாக நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரெனக் கடுமையாகலாம். ஹெப்படைட்டிஸ் சி சிகிச்சையின்போதும் அடங்கியிருந்த பி கிளர்ந்தெழலாம். அதனாலேயே அச்சிகிச்சைக்கு முன் பி சோதனை செய்யப்படுகிறது.

ஆகவே, 'சோதனையில் கிருமி தென்படவில்லை' என்பதைக் 'கிருமி இல்லை' என மொழிபெயர்த்தல் பிழை, ஆபத்துமாகும். 'மருந்து கிருமியை அடக்கி வைத்திருக்கிறது' என்றால், கேட்பவருக்கு மாத்திரையைத் தொடரவேண்டிய காரணமும் உடன் விளங்கும்.

4. பேணுதல்

'பராமரிப்பு' என்பதை இன்று மின்தூக்கிக்கும் சாலைக்கும்கூடப் பயன்படுத்துகிறோம். 'பேணுதல்' என்பதற்கோ காத்தல், போற்றுதல், மதித்தல் ஆகிய பொருள்கள் உண்டு. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்கு கூறுகளைச் சுட்டி நிறைவுறுகிறது. நாட்பட்ட தொற்றில் அந்நான்காமவரின் பணியே நெடியது: மருந்து வேளையை நினைவூட்டல், சோதனை நாளுக்கு உடன்செல்லல், கேட்டதைத் திரிபின்றிக் கூறல், அறிந்ததைப் பிறரிடம் உரைக்காதிருத்தல்.

ஆசிரியர்கள் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மருந்துச் சீட்டையும் மருத்துவ அறிவுரையையும் சேர்த்துக்கொள்ளலாம். தீர்வது எது, அடங்குவது எது எனப் பிரித்துச் சொல்லக் கற்ற மாணவர், தம் பாட்டி மாத்திரையை நிறுத்த எண்ணும் நாளில், 'இது அடக்கும் மருந்து, பாட்டி. நிறுத்தக்கூடாது' என்று காரணத்தோடு எடுத்துரைப்பார்.