பாதை மாறிய இசை: ஆர்கிடெக்ற்ஸ் குழுவும் ஒரு சகோதரனின் இழப்பும்

ஓர் இசைக்குழு தனது பாணியை மாற்றிக்கொள்ளும்போது பழைய ரசிகர்கள் முதலில் சொல்வது, 'விலைபோய்விட்டார்கள்' என்பதுதான். பிரித்தானியாவின் பிரைட்டன் நகரைச் சேர்ந்த 'ஆர்கிடெக்ற்ஸ்' என்ற மெற்றல்கோர் குழுவும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. ஆனால் அந்தக் குழுவின் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது.

எமது வாசகர்கள் பலருக்கு இந்த இசை பரிச்சயமற்றதாக இருக்கலாம். பங்க் இசையின் ஆவேசமும் கடும் மெற்றல் இசையின் கனமும் கலந்து பிறந்ததே மெற்றல்கோர். சுருதி தாழ்த்தப்பட்ட கிற்றார்கள், அடிக்கடி மாறும் தாளக்கட்டு, அடித்தொண்டையிலிருந்து எழும் அலறல் என்பன அதன் அடையாளங்கள். பாட்டின் நடுவே வேகம் திடீரெனக் குறைந்து, சம்மட்டி அடிப்பதுபோல் தாளம் இறங்கும் இடத்தை 'பிரேக்டவுன்' என்பார்கள். 'அல்டர்நேட்டிவ் மெற்றல்' எனப்படும் மாற்று மெற்றலில் கிற்றாரின் கனம் அப்படியே இருக்கும். ஆனால் பாடலின் கட்டமைப்பு எளிமையாகும். அலறலைவிட மெட்டோடு பாடும் குரல் முன்னுக்கு வரும். மனதில் தங்கும் பல்லவி, மின்னணு ஒலிகள், வயலின் போன்ற தந்தி வாத்தியங்கள் எல்லாம் உள்ளே வரும்.

ஆர்கிடெக்ற்ஸ் குழு 2004இல் உருவானது. ரொம் சேர்ல் கிற்றார் வாசித்தார், அவருடைய இரட்டைச் சகோதரர் டான் சேர்ல் ட்ரம்ஸ் வாசித்தார். குழுவின் இசையில் பெரும்பகுதியை எழுதியவர் ரொம். சிக்கலான தாளங்களுக்குள் ஒரு மெட்டை ஒளித்துவைக்கும் அவரது கிற்றார் பாணியைப் பின்னர் பல இளம் குழுக்கள் பின்பற்றின.

ரொம் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் புற்றுநோயுடன் வாழ்ந்தார். நோயோடுதான் மேடையேறினார், பாடல்களையும் எழுதினார். 2016 மே மாதம் 'ஓல் அவர் கோட்ஸ் ஹாவ் அபாண்டன்ட் அஸ்' என்ற அல்பம் வெளியானது. அதே ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி, தனது 28ஆவது வயதில் அவர் காலமானார்.

குழு தொடர்வதா, கலைவதா என்ற கேள்வி எழுந்தது. ரொம் முடிக்காமல் விட்டுச்சென்ற பாடல் ஒன்றை மற்றவர்கள் முடித்து, 2017இல் 'டூம்ஸ்டே' என்ற பெயரில் வெளியிட்டார்கள். 2018 நவம்பரில் வந்த 'ஹோலி ஹெல்' அல்பத்திலும் அவர் விட்டுச்சென்ற இசைக்குறிப்புகள் இடம்பெற்றன. அந்த அல்பம் முழுவதும் துக்கத்தைப் பற்றியது. அதன் வரிகளை எழுதியவர் டான்.

அதன்பின் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ரொம்மின் பாணியை அப்படியே போலசெய்துகொண்டிருப்பது. மற்றையது, இருப்பவர்கள் தமக்கு வரும் இசையைச் செய்வது. குழு இரண்டாவதைத் தேர்ந்தது. 2021 பெப்ரவரியில் வெளியான 'ஃபோர் தோஸ் தட் விஷ் ரு எக்ஸிஸ்ட்' அல்பத்தில் பாடகர் சாம் கார்ட்டர் அலறுவதைக் குறைத்து அதிகமாகப் பாடினார். தந்தி வாத்தியங்களும் மின்னணு ஒலிகளும் நிறைந்தன. சொந்தத் துக்கத்திலிருந்து விலகி, பூமியின் சூழல் அழிவைப் பற்றிப் பாடினார்கள். அந்த அல்பம் பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அக்குழுவுக்கு அதுவே முதல் தடவை.

'ரொம் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது' என்று சில ரசிகர்கள் வருந்தினார்கள். ஆனால் ரொம் இருந்த காலத்திலேயே, 2011இல் வெளியான 'த ஹியர் அண்ட் நவ்' அல்பத்தில், இதே குழு மென்மையான பாதையை முயன்று பார்த்திருக்கிறது. அப்போதும் எதிர்ப்பு வந்தது, குழு மீண்டும் கனமான இசைக்குத் திரும்பியது. ஆகவே மாற்றத்துக்கு மரணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இறந்தவர் வாழ்ந்த காலத்தில் மாறிக்கொண்டே இருந்தவர் என்பதும், அவர் போன பிறகு அவரை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க விரும்புவது நாம்தான் என்பதும் இங்கே தெரிகிறது.

2025 பெப்ரவரியில் வந்த 'த ஸ்கை, தி ஏர்த் அண்ட் ஓல் பிட்வீன்' அல்பத்தில் பழைய ஆவேசம் மீண்டும் தலைகாட்டியது. மெட்டும் கூடவே இருந்தது.

இழந்தவர்களை நினைவில் வைத்திருப்பது எப்படி என்பது எம்மிடையே பலருக்கு அன்றாடக் கேள்வி. சிலர் அவர்களின் பொருட்களைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். சிலர் அவற்றை எடுத்துப் பாவிக்கிறார்கள். இரண்டிலும் அன்பு உண்டு. ஆர்கிடெக்ற்ஸ் குழு செய்தது இரண்டாவது வகை. ரொம் விட்டுச்சென்ற கடைசிப் பாடலை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பாடலைத் தாமே எழுதத் தொடங்கினார்கள்.