இருட்கடலில் செவியே விழி

வடகடலின் கலங்கிய நீரில், ஓங்கிலுக்கு உறவான கடற்பன்றி விரற்கடை மீனையும் தவறவிடாமல் பற்றுவது எப்படி? நாசிப் பாதையிலுள்ள இதழ் போன்ற உறுப்புகளைக் காற்றால் அதிரச் செய்து, வினாடிக்கு ஏறத்தாழ 1,30,000 அதிர்வுகள் கொண்ட, மனிதச் செவிக்கு எட்டாத சொடுக்கொலிகளை அது எழுப்புகிறது. நெற்றிக் கொழுப்புத் திரள் அவற்றைக் கற்றையாகக் குவித்து முன்னே செலுத்த, மீனின்மேல் பட்டு மீளும் எதிரொலியைக் கீழ்த்தாடைக் கொழுப்பு உட்செவிக்குச் சேர்க்கிறது. இரை நெருங்க நெருங்கச் சொடுக்குகள் விரைந்து, இறுதிக் கணத்தில் வினாடிக்குச் சில நூறாகி, ஒரே ரீங்காரமாக இழைகின்றன. என்ன அற்புதமான நுட்பம்! இத்தனை உச்ச ஸ்தாயி ஏன்? பகையான கொலைத் திமிங்கிலத்தின் செவிக்குத் தப்பவே என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகின்றனர்.

மனிதனுக்குத் தப்புவதுதான் கடினம். 2008-இல் டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பகுதியில் காற்றாலைத் தூண்களைக் கடலடியில் அறைந்தபோது எழுந்த ஓசையால், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவு வரை கடற்பன்றிகள் விலகியோடின. குளிர்நீரில் சிற்றுடலின் வெப்பத்தைக் காக்க ஓயாது உண்ண வேண்டிய பிராணிக்கு, மேய்ச்சற்களத்தை இழப்பது சாமான்யமான துன்பமன்று. ஜெர்மானியர் தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழிகளாலான திரையை எழுப்பி அவ்வோசையைத் தணிக்கின்றனர். மீனவரின் செவுள்வலையோ ஓசையற்றது; அதன் மெல்லிய நைலான் இழை எதிரொலியையும் மங்கலாகவே திருப்புவதால், காற்றைச் சுவாசிக்கும் அவ்வுயிர் அதிற் சிக்கி, நீர்ப்பரப்பை எட்ட இயலாமல், மூச்சுமுட்டி மடிகிறது.