பித்தப்பையில் தெரிவது கசடா, கட்டியா?

வலது விலா எலும்புக்குக் கீழே வலி, சாப்பிட்டதும் குமட்டல் என்று போனால், பித்தப்பையில் கோளாறா என்று பார்க்க டாக்டர் முதலில் எழுதித் தருவது சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். அதற்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். பட்டினியில் பித்தநீர் நிரம்பி விரிந்திருக்கும், உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும். கல் என்றால் வெள்ளையாகப் பளிச்சிடும், அதன் பின்னால் கரிய நிழல் விழும், நீங்கள் புரண்டு படுத்தால் பெரும்பாலும் அதுவும் உருளும். இப்படித் தெரிந்துவிட்டால் கல்லை உறுதிசெய்ய வேறு ஸ்கேன் வேண்டியதில்லை.

நிழலும் விழாமல், இடமும் மாறாமல் ஒன்று சுவரோடு ஒட்டித் தெரியும்போதுதான் சிக்கல். பித்தநீர் கெட்டிப்பட்டுச் சேரும் கசடு சில சமயம் கட்டி போலவே திரண்டு நிற்கும். புற்றுநோயும் அதே தோற்றத்தில் இருக்கலாம். கசடு தானாகவே கரைந்து போகக்கூடும். புற்றுநோய்க்கோ நாள் கடத்தாமல் சிகிச்சை வேண்டும். சாதாரண ஸ்கேனின் சாம்பல் நிறப் படத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் உதவும் என்றாலும், நுண்ணிய குழாய்களில் மெதுவாக ஓடும் ரத்தம் அதில் தப்பிவிடுகிறது. இந்த இடத்தில்தான் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது.

எப்படிச் செய்கிறார்கள்?

கை நரம்பில் ஓரிரு மில்லி மருந்து ஏற்றி, பின்னாலேயே உப்புநீர் செலுத்துவார்கள். பரவலாகப் பயன்படும் மருந்தில் இருப்பவை, மெல்லிய கொழுப்பு உறை போர்த்திய சல்பர் ஹெக்சாஃப்ளோரைடு வாயுக் குமிழிகள். சராசரியாக ஒரு குமிழி சிவப்பணுவைவிடச் சிறியது. அதனால் நுண்குழாய்களுக்குள்ளும் ரத்தத்தோடு போய்வரும். ஆனால் குழாயை விட்டு வெளியே கசியாது. ஒலி அலை பட்டதும் குமிழிகள் சுருங்கி விரிந்து, தங்களுக்கே உரிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும். கருவி அதை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும். ஆகவே திரையில் ஒளிர்வது ரத்தம் ஓடும் இடம். கறுப்பாகவே இருப்பது ரத்தம் ஓடாத இடம்.

என்ன தெரியவரும்?

கசடில் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள சுவரும் ஈரலும் ஒளிரும்போது அது மட்டும் கறுப்பாகவே நிற்கும். பாலிப், கட்டி போன்ற வளர்ச்சிகள் ஒளிரும். மருந்து ஏற்றிய 10 முதல் 20 விநாடிகளில் பித்தப்பை ஒளிரத் தொடங்கிவிடுவதால், விடை அங்கேயே கிடைக்கிறது.

கடும் அழற்சியிலும் இது உதவும். பித்தப்பைச் சுவரின் ஒரு பகுதி அழுகிப்போயிருந்தால் அங்கே ரத்தம் போகாது. ஒளிரும் சுவரின் நடுவே இடைவெளி தெரியும். சுவர் ஓட்டையாகி அருகே சீழ் தேங்கியிருந்தால் அதுவும் புலப்படும்.

எதை உறுதியாகச் சொல்லாது?

ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. சாதாரண பாலிப்பும் ஒளிரும், நாள்பட்ட அழற்சியும் ஒளிரும். சீக்கிரம் ஒளிர்ந்து சீக்கிரம் மங்குவது, சுவரின் அடுக்குகள் சிதைந்திருப்பது, ஈரலுக்குள் ஊடுருவியிருப்பது ஆகியவை புற்றுநோய்ச் சந்தேகத்தை வலுப்படுத்தும். ஆனால் முடிவான விடையைத் திசுப் பரிசோதனைதான் தரும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய சிடி ஸ்கேன் வேண்டும். பித்தநாளத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன் ஏற்றது. குடல் வாயு மறைத்தாலோ உடல் பருமன் மிகுந்திருந்தாலோ படம் தெளிவாக அமையாது.

பாதுகாப்பானதா?

இதில் கதிர்வீச்சு இல்லை. மருந்தில் அயோடின் இல்லை. வாயு மூச்சுக்காற்றோடு வெளியேறிவிடுவதால் சிறுநீரகத்துக்குச் சுமையும் இல்லை. சிடி ஸ்கேனுக்கான மருந்தை ஏற்கத் தயங்கும் சிறுநீரக நோயாளிகளுக்கு இது பெரிய நன்மை. கடுமையான ஒவ்வாமை மிக அரிது என்றாலும் வரக்கூடியதே. முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அல்லது தீவிர இதய, நுரையீரல் நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யாருக்குத் தேவை?

கல் தெளிவாகத் தெரிந்தவருக்கு இது செலவு மட்டுமே. ரிப்போர்ட்டில் ‘கசடாகவோ கட்டியாகவோ இருக்கலாம்’ என்று இருந்தால், “கான்ட்ராஸ்ட் ஸ்கேன் செய்தால் தெளிவாகுமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். எல்லா மையங்களிலும் இந்த வசதி இருக்காது; அப்போது சிடி, எம்.ஆர்.ஐ., அல்லது சில வாரங்கள் கழித்து மறு ஸ்கேன் என்று அவர் வேறு வழி சொல்வார். பித்தப்பைப் புற்றுநோய் வட இந்தியாவின் கங்கைச் சமவெளியில் அதிகம் காணப்படும் நோய். பெரும்பாலும் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது. ஆகவே சந்தேகக் குறிப்போடு வந்த ரிப்போர்ட்டை, வலி நின்றுவிட்டது என்பதற்காக மூடி வைத்துவிடாதீர்கள்.